இசக்கியின் கெண்டைக்கால்

மேலகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு இசக்கிக்கு வயதை மீறித் திரண்ட கெண்டைக்கால். அதைப் பார்த்துத்தான் அவனை ஓட்டப் பயிற்சியில் சேர்த்தேன். அவனோ அடிக்கடி விழுவான். முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கையூன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுவான்.

"என்னலே நடிக்க? இம்புட்டுக் கால வச்சிக்கிட்டு ஓட முடியாதோ? இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் விழுந்தவனால் எழவே முடியவில்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் வேலை பார்க்கும் அவன் அம்மாவை வரவழைத்து, தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இது பிறவியிலேயே உள்ள நோய். கால்ல தசை இழைகள் அழிஞ்சு, அந்த இடத்துல கொழுப்பு சேர்ந்திருக்கு. அதான் பெருசா தெரியுது. ஓட வச்சா மிச்சத் தசையும் கெட்டுப்போகும். இதயமும் தசைதான், அதையும் கவனிக்கணும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கால் வலிக்குன்னு தெனமும் அழுவான் சார். சார் ஒன் நல்லதுக்குத்தான சொல்லுதாவன்னு நாந்தான் அடிச்சு அனுப்புனேன். நான் பாவி."

பாவி நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால், "மனசத் தேத்திக்கோங்கம்மா" என்றேன்.

"நீங்க கூட வந்ததே பெருசு சார்" என்று அவள் என்னைக் கும்பிட்டாள்.

இசக்கி இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். நான் ஓட வைக்காவிட்டாலும் இது நடந்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவன் நடக்க மிச்சமிருந்த நாட்களில் சிலவற்றை நான் பிடுங்கிக்கொண்டேன். அதன்பிறகு அந்தக் கும்பிட்டையும் வாங்கிக்கொண்டேன்.