யாரோட வந்தீங்க?

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் நான் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டேன்.

பயப்படாதீர்கள். ஒத்திகைதான்.

மழை, வெள்ளம் என்றால் முதலில் ஓடிவரும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், தன் ஊழியர்களுக்குப் பயிற்சி வைத்திருந்தது. படகில் போய் ஆட்களை அழைத்து வருவது, முகாமில் தங்கவைப்பது, பதறி நிற்பவர்களிடம் பேசுவது... எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டுமாம். அதற்குப் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ வேண்டுமே? பயிற்சியை நடத்திய ரெஜினா என் கல்லூரித் தோழி. “நீ வா. கூட யாரையாவது கூட்டிட்டு வா” என்றாள்.

நான் கூட்டிப்போனது சாந்தியை. என்னோடு வாக்கிங் வருகிறவள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு. கணவருக்கு வெளியூரில் உத்தியோகம் என்பதால் வீட்டில் அவளும் மாமியாரும்தான். வாக்கிங்கில் பாதி தூரம் மாமியார் பற்றிய புகார்களிலேயே கழிந்துவிடும்.

எனக்குக் கிடைத்த வேடம், மாத்திரையைத் தொலைத்த சர்க்கரை நோயாளி. மயங்கி விழுந்தேன். கொஞ்சம் அதிகப்படியாகவே விழுந்துவிட்டேன் போல. “மேடம், ஃபேனுக்கு அடியில விழுந்தீங்கன்னா காத்தாவது வரும்” என்றார் என்னைக் காப்பாற்ற வந்தவர்.

சாந்திக்கு, வீட்டை விட்டு வர மறுக்கிற பெண் வேடம். ஏன் மறுக்கிறாள்? “காரணத்தை நீங்களே சொல்லிக்குங்க” என்று ரெஜினா விட்டுவிட்டாள். ஒரு நாற்காலிதான் வீடு. சாந்தி அதில் உட்கார்ந்தாள்.

அவளை அழைத்துப்போக வந்தவர் டேனியல். நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிற இளைஞர். வெள்ளம் வந்தால் அக்கவுன்ட்ஸ்காரரும் படகில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால் அவருக்கும் பயிற்சி. என்ன பேசுவது என்று அச்சடித்த அட்டை ஒன்று கையில். அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

“அக்கா, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. பாதுகாப்பான இடத்துக்குப் போயிடலாம்.”

“நான் வரல.”

“முகாம்ல சாப்பாடு, டாக்டர் எல்லா வசதியும் இருக்குக்கா.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க.”

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த சாந்தியின் குரல் மாறியது.

“வயசானவங்க முதல்லன்னு அத்தைய ஒரு படகுல ஏத்தினீங்க. எனக்கு அடுத்த படகு. அவங்கள ஏதோ ஒரு ஸ்கூல்ல விட்டுட்டு, என்னை ஒரு கல்யாண மண்டபத்துல எறக்கினீங்க. எந்த ஸ்கூல்னு கேட்டா யாருக்கும் தெரியல. போன்ல சார்ஜ் இல்ல. ஒவ்வொரு ஸ்கூலா தண்ணிக்குள்ள நடந்தே போய்த் தேடினேன். அத்தைக்குக் காது வேற கேக்காது...”

பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். “சூப்பர் ஆக்டிங் மேடம்” என்றது ஒரு குரல். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அத்தனை வாக்கிங்கில் ஒரு நாளும் இதை அவள் சொன்னதில்லை. நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

டேனியலுக்கு எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அத்தை கிடைச்சாங்களாக்கா?” என்றார்.

“கிடைச்சாங்க. ஒரு பெஞ்ச் ஓரமா உக்காந்திருந்தாங்க. என்னப் பார்த்ததும், எங்கடி போய்த் தொலைஞ்சேன்னு திட்டினாங்க.” சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு என் கையப் பிடிச்சிக்கிட்டாதான் தூக்கமே வரும் அவங்களுக்கு.”

ரெஜினா ஒத்திகையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வீட்டுக்குப் போயிடலாமா?” என்று நான் கேட்டேன்.

“வேணாம். இவங்க இதைச் சரியா பண்ணக் கத்துக்கட்டும். நான் இன்னொரு வாட்டி வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறேன்.”

பிடித்தாள். மதியம் முழுக்க, வந்தவர்களிடமெல்லாம் விதவிதமாக அடம் பிடித்தாள். இப்போது எல்லோரும் முதலில் கேட்டது, “யாரோட இருக்கீங்க? யாரோட வந்தீங்க?” என்றுதான். யார் எந்த முகாமுக்குப் போகிறார்கள் என்பதை அவர்களோடு வந்தவர்களிடம் சொல்லாமல் படகு நகரக் கூடாது என்று ரெஜினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பேரிடர் பயிற்சி என்றால் கயிறு கட்டுவதும் லைஃப் ஜாக்கெட் மாட்டுவதும்தான் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால், எதிரே இருக்கும் மனுஷி பேசும்போது அட்டையைக் கீழே வைக்கத் தெரிய வேண்டாமா? அதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

போன வாரம் பெய்த மழையில் சாந்தியின் தெருவில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது. காலையில் படகு வந்தது. அதில் டேனியல். படகு ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

“ஒரு ஆளுக்குத்தான் சார் எடம் கீது” என்றார் படகு ஓட்டியவர். “பெரிம்மாவ ஏத்திக்கலாம். இவங்கள அடுத்த ட்ரிப்புல இட்டுகினு போலாம்.”

சாந்தி மாமியாரின் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாளாம்.

“இல்லண்ணா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க. நான் எறங்கிக்கிறேன்” என்று டேனியல் தண்ணீரில் இறங்கிவிட்டார். படகு திரும்பி வரும்வரை அவர்கள் வீட்டு மாடிப்படியில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் முகாமுக்குப் போனேன். ஒரு பள்ளி வகுப்பறையில், ஒரே பாயில் மாமியாரும் மருமகளும். மாமியார் என்னைப் பார்த்ததும் ஊருக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். “உப்புமால உப்பே இல்லம்மா. இவ வேற பக்கத்துல படுத்துக்கிட்டு, காது கேக்காத எனக்கே கேக்குற மாதிரி ஒரே குறட்டை. உனக்குத் தெரிஞ்சவங்கதானே இவங்கல்லாம்... இவளை வேற ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லேன்.”

சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தயவுசெய்து இதை யாரும் டேனியலிடம் சொல்லிவிடாதீர்கள்.