என் குரல் சொன்ன சாவுச் செய்தி

போன ஆடி மாதம் நடந்தது இது. திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருக்கும் ஒருவருக்குப் பல வருடங்களாக நான் அறிவிப்பு பேசித் தருகிறேன். மேல்மலையனூர் அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்து, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, துக்கச் செய்தி எல்லாம் என் குரலில்தான் ஆட்டோவில் சுற்றும். துக்கச் செய்தி என்றால் மட்டும், அந்த வீட்டுக்கு நானே போன் செய்து, இறந்தவர் யார், பிள்ளைகள் யார் என்று விசாரிக்காமல் வாய் திறக்க மாட்டேன். எங்கள் பக்கம் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

அன்று காலை மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். விவசாயி. அவர் மனைவி இறந்தபோது செய்தி படித்தவள் நான்தான்.

“ஏம்மா, நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு போறியே, என்னப் பாத்தா எப்டித் தெரியுது?”

அந்த வாரம் நான் மைக்கையே தொடவில்லை. யாரோ அவருக்கு அனுப்பிய பதிவைப் போனில் போட்டுக் காட்டினார். என் குரலேதான். ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்ற இடத்தில் நான் இழுக்கும் இழுப்புகூட அப்படியே இருந்தது. விழுப்புரத்தில் இருக்கும் அவர் மகள் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாளாம்.

அவரையும் கூட்டிக்கொண்டு மைக் செட்காரரிடம் போனேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“உன் பழைய பதிவெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேம்மா. டைப் பண்ணா அதுவே பேசிடுது. ஜல்தியா வேணும்னாங்க, உன்ன எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு உட்டுட்டேன்.”

உண்மையில் இறந்தது அதே ஊரில் அதே பெயர்கொண்ட வேறொருவர். வீட்டு அடையாளம் இல்லாமல் செய்தி போனதால், எல்லோரும் இவரென்றே நினைத்துவிட்டார்கள். ஒரு போன் செய்து கேட்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

“நான் உயிரோட இருக்கறத நீயே வந்து சொல்லு” என்றார் பெரியவர். அவரை ஆட்டோவில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்து, முன்னால் வந்தது கம்ப்யூட்டர் பேசியது, இவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஊர் ஊராகச் சொன்னேன். ஓரிடத்தில் ஒரு பெண் ஆட்டோவை நிறுத்தி, என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

“இதாச்சும் நீங்க பேசறதுதானாக்கா?”

மறுநாள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். குரலும் அவரவருக்குச் சொந்தம்தான், நடிகர்கள் கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறார்கள், நீங்களும் கேட்கலாம் என்றார். நோட்டீஸ் போனதும் மைக் செட்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, என் சம்மதம் இல்லாமல் இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

குரல் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. ஆனால், கேட்டதுமே நம்பியவர்கள் இப்போது என் வாயைப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள் என்பதால், துக்கச் செய்தி என்றால் இன்றைக்கும் ஆட்டோவில் நானே ஏறிப் போகிறேன்.