எழுபத்தொரு டிகிரிக்காரர்

அடுப்பில் பால் பாத்திரம். அதன் குறுக்கே ஒரு கரண்டி. கரண்டியில் கட்டிய நூலின் நுனியில், பாலுக்குப் பதிலாகக் கொதிக்கப்போகும் தண்ணீருக்குள் தொங்குகிறது ஒரு தெர்மோஸ்டாட். வெப்பமானியும் கையுமாகக் குனிந்து நிற்கிற லாரி ஓட்டுநர், ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். எழுபது. எழுபத்தொன்று. பித்தளை வாய் மெல்லத் திறக்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இனிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, பால் காய்ச்சி, அவர் மனைவிக்குக் காபி கிடைக்க அரை மணி நேரமாவது ஆகும்.

புதிதாக வாங்கிய பொருளை ஊரில் எல்லோரும் அட்டைப்பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டுவார்கள். இவர் வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். “அட்டைல என்ன நம்பர் வேணா அச்சடிக்கலாம். திறக்கறதக் கண்ணால பாக்கணும்” என்பார்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சாமானுக்கு ஒரே ஒரு வேலை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர், குறித்த சூட்டுக்கு வரும்வரை கதவைச் சாத்தி உள்ளேயே வைத்திருக்கும். வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். அவருடைய லாரிக்குக் கம்பெனி வைத்துக் கொடுத்தது எண்பத்தெட்டு டிகிரியில் திறப்பது. அதை இவர் என்றைக்கோ கழற்றி எறிந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் மலையேறி வந்து லாரி ஓட்டுகிறார்களா என்ன?

லாரி ஷெட்டில் அவருக்கு ‘ஐஸ்’ என்று பெயர். யாரையோ புகழ்ந்து ஐஸ் வைக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. பெற்ற மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட, “சரி, ரொம்பப் படிச்சுக் கண்ணக் கெடுத்துக்காத” என்றுதான் சொன்னார். சூடு என்றாலே ஆகாது என்பதால் வந்த பெயர் அது. டீயை ஆடை படிந்த பிறகே குடிப்பார். எதைக் கண்டாலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார்: லாரி டயர், மகளின் நெற்றி, ஃபோன் சார்ஜர், டிவியின் முதுகு. டிவி அரை மணி நேரம் ஓடினால் போதும், “பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டும்” என்று அணைத்துவிடுவார். அந்த வீட்டில் எந்தப் படத்திலும் கொலையாளி யார் என்று யாருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சுமையோடு மலையேறிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்ன ஏதோ வேடிக்கைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்துப் பார்த்தால் வெப்ப மீட்டரின் முள் சிவப்பில் நிற்கிறது. எஞ்சின் வெந்து, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்து, தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டி பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்தது. எழுந்து வந்ததும் முதல் வேலையாக எண்பத்தெட்டைக் கழற்றி எழுபத்தொன்றை மாட்டினார். இருக்கிற மீட்டர் போதாதென்று சாப்பாட்டுத் தட்டு அளவில் இன்னொரு வெப்ப மீட்டரை வாங்கி டேஷ்போர்டின் மேல் உட்காரவைத்தார். அன்றிலிருந்து மேட்டில் ஏறும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. பார்வை சாலையில் பாதி, முள்ளில் பாதி.

மனைவியும் ஓட்டுநர்தான். பாதி வழி அவர், பாதி வழி இவள். பனி மூடிய கணவாயைத் தாண்டி இருக்கும் ஊர்களுக்குக் கதவும் ஜன்னலும் ஏற்றிப் போவார்கள். குளிர் உள்ளே வராமலிருக்க ஊருக்கெல்லாம் கதவு கொண்டுபோகிறவர்களின் லாரிக்குள் ஒவ்வொரு குளிர்காலமும் பல் தந்தியடித்தது. ஹீட்டருக்கு எஞ்சின் தண்ணீரின் சூடுதான் ஆதாரம். எஞ்சினே வெதுவெதுப்பில் நின்றால் ஹீட்டர் எங்கே போய்ச் சூட்டைக் கடன் வாங்கும்? இறக்கத்தில் முள் ஐம்பதுக்கு வரும்போது அவர் முகம் மலரும். அவள் விரல் நீலமாகும்.

இந்த வருஷம் முதல் பனி விழுந்த அன்று அவள் சண்டை போடவில்லை. சாவகாசமாகச் சொன்னாள்.

“ஸ்கூல் வேன் ஓட்டக் கூப்பிடறாங்க. ஒண்ணாம் தேதிலேருந்து. இந்தக் குளிர்ல என்னால இன்னொரு சீசன் முடியாதுங்க.”

அவர் பயந்துபோனார் என்பதுதான் உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கணவாயைத் தனியாகக் கடந்தவரில்லை. பக்கத்துச் சீட் காலியாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்பி ‘ம்’ கொட்டுவது என்றே அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை எண்ணெய் பார்க்கப் போனவர், மூடியைத் திருகித் திருப்பிப் பார்த்தார். மூடியின் அடியில் வெண்ணெய் தடவியது போல வெள்ளையாக ஒரு பசை. எண்ணெயில் தண்ணீர்! மறுபடியும் கேஸ்கெட்! எஞ்சின் தனக்குத் தெரியாமல் எங்கேயோ கொதித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். எழுபத்தொன்றே அதிகம் போலிருக்கிறது. மூடியைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினார்.

கடையை நடத்துகிற பெண்மணி அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை ‘அக்கா’ என்பார், அவர் இவரை ‘அண்ணே’ என்பார். வருஷக்கணக்கில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“அக்கா, எழுபத்தொண்ணவிடக் குறைஞ்சது இருக்கா?”

அதற்கும் குறைவாக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ்தான் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரப் பெண்மணி. கைக்குட்டையைப் பிரித்து மூடியை வெளிச்சத்தில் பார்த்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டார். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. புகை வெள்ளையாக வருகிறதா? இல்லை. டீசல் முன்னைவிட அதிகம் குடிக்கிறதா? அதைக் கேட்டதும் ஐஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. எஞ்சின் நல்லா சூடானாத்தான் உள்ள இருக்கற ஈரம் ஆவியாப் போகும். நீங்க அத சூடாகவே விடல. ஒன்பது வருஷமா அதுக்குக் குளிர் ஜுரம். பழையபடி எண்பத்தெட்டையே மாட்டுங்க.”

ஐஸ் சமாதானமாகவில்லை. வெயில் காலத்துக்காவது எழுபத்தொன்று நல்லதுதானே என்று வாதாடினார். எண்பத்தெட்டில் திறந்தால், முள் எண்பத்தெட்டைத் தாண்டாது என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் ரேடியேட்டர் பொறுப்பு என்றார் அந்தப் பெண்மணி. எல்லை மீறினால் கத்துவதற்கு வண்டியிலேயே ஒரு பஸ்ஸர் இருக்கிறதே, அதற்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள் என்றார். ஐஸ் எண்பத்தெட்டு போட்ட பெட்டியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு போயேவிட்டார்கள். கடைசியில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் பால் பாத்திரம் அடுப்பேறியது. எழுபத்தொன்றில் அது திறக்கவில்லை. எண்பதிலும் திறக்கவில்லை. ‘மனுஷன் இவ்வளவு நேரம் பொறுப்பானா’ என்று முணுமுணுத்தார். எண்பத்தெட்டில் திறந்தது. மனைவி வாசற்படியில் கை கட்டிக்கொண்டு பார்த்தாள். வேன்காரருக்கு என்ன சொன்னாய் என்று அவர் கேட்டார்.

“இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வந்து சொல்றேன்னிருக்கேன்.”

கணவாயின் அடிவாரத்தில் ஸ்டீயரிங் அவர் கையில். வெளியே பனி சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. முள் எழுபத்தொன்றைத் தாண்டியபோது அவர் புறங்கையை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தார். எண்பதில் சட்டைக் காலரைத் தளர்த்தினார். எண்பத்தைந்தில், ஓரமாக நிறுத்த இடமிருக்கிறதா என்று கண் தேடியது. எண்பத்தெட்டு. அங்கே நின்றது. லேசாக நடுங்கிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வளைவுக்கு வளைவு பார்த்தார், அது அசையவில்லை.

கேபினுக்குள் சூடு பரவியது. அவள் முதலில் கையுறையைக் கழற்றினாள். அடுத்து மேல் ஸ்வெட்டர். அதன் கீழிருந்த ஸ்வெட்டர். கடைசியாகக் கழுத்து மப்ளர். எல்லாவற்றையும் டேஷ்போர்டின் மேல் தூக்கிப் போட்டாள். மப்ளர் போய் விழுந்தது பெரிய மீட்டரின் மேல். அவள் அதைக் கவனிக்கவில்லை. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தபடி, வேன்காரர் தன் வேனுக்குப் பூப்போட்ட திரை தைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் கை மீட்டர் பக்கம் நீண்டது. அவள் பேச்சை நிறுத்தினாள்.

ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்த மப்ளரை அவர் மேலே இழுத்து, மீட்டரை நன்றாக மூடி, நுனியை இடுக்கில் செருகிவிட்டு, கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவந்தார்.