சம்பல் பிசைந்த கை

கணக்கு டீச்சர் சம்பல் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வகுப்பில் பிள்ளைகளைப் பார்வையாலேயே அடக்கி வைப்பவர், இன்டர்வல் மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, பாண் துண்டை முறித்து, பேசினில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தேங்காயை வழித்துத் தின்பார். சம்பல் என்னுடையது. மடவளையில் எங்கள் வீட்டில் திருவிய தேங்காயையும் இடித்த மிளகாயையும் மாசிக் கருவாட்டுத் தூளையும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு வந்து, கண்டிப் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் வைத்துத்தான் பிசைவேன். கரண்டியால் கலக்கலாமே என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். கையால் அழுத்திப் பிசைந்தால்தான் அது சம்பல் என்று எனக்கொரு தலைக்கனம். குழாய்த் தண்ணீர் காலையோடு நின்றுவிடும். வாளியில் பிடித்து வைத்ததில் கையை நனைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் கழுவல்.

அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவர். தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டில் மாமியாரோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போனார். மாமியார் கொழுந்து பறித்து ஓய்ந்த மனிசி. மருமகள் டீச்சர் என்பதில் அந்த அம்மாவுக்குத் தாங்க முடியாத பெருமை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மருமகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடப்பாராம். "எங்க அத்தை என்னைய ஒரு துணி தொவைக்க விடமாட்டாங்க டீச்சர்" என்று கணக்கு டீச்சர் சொல்லும்போது, மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தார். பிறகு எழும்ப முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டைபாய்ட், நாங்கள் நெருப்புக் காய்ச்சல் என்போமே, அதுதான். குடலில் ஓட்டை விழுந்து வயிற்றைக் கீற வேண்டியதாயிற்று. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்துக்குப் போய், மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார். முடிவு என்ன வந்ததோ, யாரும் கேட்கவில்லை. தோட்டம், லயம், கக்கூஸ், தண்ணீர் என்று காரணம் எல்லார் வாயிலும் ஆயத்தமாக இருந்தது. அதே பள்ளித் தவணையில் சங்கீத டீச்சரும் நெருப்புக் காய்ச்சலில் படுத்தார். அது கடைச் சர்பத்தால் வந்தது என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். காரணம் தேடி ஆசிரியர் அறைப் பக்கம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாமியார் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. கொதிக்க வைத்தால் ருசி போய்விடும் என்பாராம். அது போதுமாயிருந்தது. நான் பார்க்கப் போன அன்று அந்த அம்மா கஞ்சியோடு வார்ட்டு வாசலில் நின்றார். கணக்கு டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொதித்தாறிய தண்ணீரை பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தபடி, அந்த அம்மாவுக்கும் கேட்கும்படியாக, "பச்சத் தண்ணிதான் மகள் எல்லாத்துக்கும் காரணம்" என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் லயத்துக்குப் போகவில்லை. புருசனோடு தெல்தோட்டை டவுனில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலும் வாங்கிப் போய்விட்டார்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று அதை வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த பித்தநீரைச் சோதித்த டொக்டர், முன்னர் எப்போதாவது டைபாய்ட் வந்ததா என்று கேட்டார். சின்ன வயதில் வந்தது, சுகமாகிவிட்டது என்றேன். காய்ச்சல் போன பிறகும் சிலருடைய பித்தப்பையில் அந்தக் கிருமி வருடக்கணக்காகக் குடியிருக்குமாம். அவர்களுக்கு ஒன்றும் செய்யாதாம். அவர்கள் கையை நன்றாகக் கழுவாமல் சமைத்ததைத் தின்கிறவர்களுக்குத்தான் ஆபத்தாம். மாத்திரை தந்தார், திரும்பத் திரும்பச் சோதித்தார், கடைசியில் இனிப் பயமில்லை என்றார். அந்தக் காலத்துக் காய்ச்சல்கள் என்னால் வந்தவையா என்று கேட்டேன். இப்போது எப்படிச் சொல்வது என்றார். எனக்கோ அந்த பேசினைத் தவிர வேறெதுவும் நினைவில் வரவில்லை. நோன்பு பிடித்தாலும் தொழுதாலும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. போய்ச் சொல்லிவிட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். யாருக்கு ஆறுதல் என்று யோசிக்கவில்லை.

கணக்கு டீச்சரைத் தேடித் தெல்தோட்டை டவுனுக்குப் போனேன். "வாங்க டீச்சர், எம்புட்டு நாளாச்சு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். முடி வளர்ந்து நரைத்திருந்தது. தேநீரைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார், அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் சுவரில் மாலை போட்டிருந்த மாமியாரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமா டீச்சர்?"

"நிச்சயமாச் சொல்ல ஏலாதாம் மகள். ஆனா எனக்குத் தெரியும்."

"டவுனுக்கு வந்த பொறகு நான் லயத்துப் பக்கமே போகல. அத்தை சாகக் கெடந்தப்ப என்னையக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அப்பவும் போகல" என்றார். பிறகு, கோபமே இல்லாத குரலில், "இத என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே டீச்சர்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். வழியில் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு, கேட்பதற்கு அவராவது இருந்தார். அவருக்கு யாரும் இல்லை.