காசில்லாத மாலைகளும் ஒரு காப்புக் கயிறும்

காசில்லாமல் செரம்பான் டவுனில் ஒரு மாலையைக் கழிப்பது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்வேன். லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவளுக்கு டவுனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாத இடங்கள் எனக்கும் என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அத்துபடி.

அவளும் நானும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி அந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் அவள் "நூறாயுசு" என்பாள். சம்பளம் போட்ட மறுநாள் பலகையைத் தட்டி, "என்னடி, கெளம்பலாமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், அடுப்பு கிடக்கும், நாங்கள் ரயிலடியில் இருப்போம்.

சினிமாவுக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். கொட்டகையின் பின்பக்கம் காப்பிக்கடை ஓரமாக நின்றால் பாட்டும் வசனமும் சுவரைத் தாண்டி முழுசாக வந்துவிடும். முகம்தான் தெரியாது. முகத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வைத்துக்கொண்ட கதாநாயகன் கொட்டகைக்குள் இருந்தவனைவிட லட்சணமாகத்தான் இருந்திருப்பான். வெள்ளிக்கிழமையென்றால் கோயில் பஜனை. கடைசிப் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், சுண்டல் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் உசத்தி, சீனர்கள் பேய்களுக்குப் படையல் வைக்கும் மாதத்தில் டவுனை ஒட்டிய தெமியாங்கில் தெருவோரம் மேடை கட்டி நடத்தும் கூத்துதான். ஒரு வார்த்தை புரியாது. புரியாவிட்டால் என்ன? யார் நல்லவன், யார் கெட்டவன், எவள் புருஷனுக்காக அழுகிறாள் என்பது முகத்துச் சாயத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதல் தடவை போனபோது முன்வரிசை பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தது. அடடா, நமக்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் மகாராணிகள் மாதிரிப் போய் உட்கார்ந்தோம். ஒரு சீனத்தி விசிறியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து எழுப்பிவிட்டாள். அது செத்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிற வரிசையாம். பின்னால் நின்ற ஒருவன் மலாயில் விளக்கிச் சொன்னான். அன்றைக்கு ரயிலடி போகும்வரை நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. "எங்க மாமியா செத்தா அவளும் ஓசியில உக்காந்து பாப்பாளாடி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சிரிப்பெல்லாம் போயிற்று. பால் வெட்டும் வேலை நின்று, மரவள்ளி நடுகிற வேலை வந்தது. சம்பளம் வாழைமரப் படம் போட்ட காகிதமாக வந்தது. தோட்டத்தை விட்டுப் போக, வேலை மேய்க்கிற மண்டோரிடம் சீட்டு வாங்க வேண்டும். அந்த மண்டோர்தான் எங்களுக்குக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிறவர், திருவிழாவுக்கும் அவர்தான் தலைவர். எதற்குச் சீட்டு என்று கேட்பார். கூத்துப் பார்க்க என்று சொல்ல முடியுமா? நான் லயத்துக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவில், கூண்டில் போட்ட கோழியாக அலைந்தேன். பலகைச் சுவரை அவள் தட்டினாலும், "எங்கடி கெளம்புறது, கிணத்தடிக்கா?" என்று எரிந்து விழுவேன்.

அப்போதுதான் டவுனில் சும்மாவே சினிமாப் படம் காட்டுகிறான் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆண்கள் ஆசையாகப் போனார்கள். படம் பாதி ஓடும்போது விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, திடமாக இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டான், சயாமில் ரயில் பாதை போட. போட்டிருந்த சட்டையோடு போனார்கள். ஓசிச் சினிமா என்று ஆசை காட்டி மனுஷனைப் பிடிக்கிறவன் விளங்குவானா? அதன் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே எங்கள் தோட்டத்து ஆண்கள் ஓடைப் பலகையைத் தாண்டி, மலாய்க்காரர் ஊரான கம்பத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் போய்விடுவார்கள். ஓடையோடு தோட்டத்து எல்லை முடிந்தது. என் வீட்டுக்காரருக்குக் காட்டில் கிடந்து கிடந்து மேலெல்லாம் அட்டைக்கடி. இருந்தாலும் ஆள் கையில் இருந்தார், எனக்கு அது போதும்.

மாசி பிறந்ததும் மண்டோர் பெரட்டுக் களத்தில் நின்று சொன்னார்: "சாமிய ரெண்டு வருசமாப் பட்டினி போட்டுட்டோம். அதான் நமக்கு இந்தக் கதி. இந்த வருசம் காமன் கூத்து நடந்தே ஆகணும்லா. ஜப்பான்காரன்கிட்ட நான் பேசிட்டேன், ஒருத்தரும் பயப்பட வேணாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டவுனுக்குத்தான் போக முடியாது, கூத்தாவது வீட்டு வாசலுக்கு வருகிறதே! என் வீட்டுக்காரர்தான் வழக்கமாக ரதி வேஷம் கட்டுவார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டார், ஆனால் ரதியாக நின்று எரிந்துபோன புருஷனைக் கேட்டு அழ ஆரம்பித்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காமன். ஊரெல்லாம் சாக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த நாளில், என்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல சேலையை ரதிக்கு எடுத்துக் கொடுத்தேன்.

காமன் கம்பம் நட்ட அன்றைக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. அதைக் கையில் கட்டிக்கொண்டவன், எரிந்த காமன் மறுபடி உயிரோடு எழுந்து, காப்பை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் காமன் எழுந்திருக்க மாட்டான், ஊரில் சாவு விழும். எப்போதும் வேஷம் கட்டுகிற இருவருக்குத்தான் காப்பு. அந்த வருஷம் மண்டோர் தப்படிக்கிறவன், கம்பம் தூக்குகிறவன், பந்தல் போடுகிறவன் என்று ஒருவரையும் விடவில்லை. "நீயும் கட்டிக்கப்பா, சாமி காரியம்" என்று சிரித்த முகமாக ஒவ்வொரு கையாகப் பிடித்து அவரே கட்டினார். திடமான ஆண்கள் அத்தனை பேர் கையிலும் மஞ்சள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, லாரி வந்தா எங்க ஓடுவீங்க?"

"சாமி காரியம் புள்ள. சாமி பாத்துக்கும்."

"சாமிக்கு லாரிய மறிக்கத் தெரியுமா?"

"வாயக் கழுவு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மரவள்ளிக்குச் சோறு என்று பேர்.

மண்ணெண்ணெய் இல்லாததால் ஒத்திகையெல்லாம் பொழுதோடு நடந்தது. மறுநாள் மத்தியானம் களத்தில் தப்படி கேட்டது. என் சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் ஒயிலாக நடந்து காட்ட, நாங்கள் பெண்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். "இடுப்ப இன்னும் கொஞ்சம் வளைங்க ரதியம்மா!" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்காரிதான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் லாரிச் சத்தம். ஒன்றல்ல, பல. எல்லோரும் மண்டோரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அவர் கையில் காப்பும் இல்லை.

ஆண்கள் ஓடையைப் பார்த்து ஓடினார்கள். பின்னாலேயே நானும் அவளும் ஓடினோம். போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் கரையிலேயே நிற்கிறார்கள். ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. நாய் தாண்டும், கோழி தாண்டும். பழக்கப்பட்ட பலகை, பழக்கப்பட்ட காடு. ஒருவனும் காலை எடுத்து வைக்கவில்லை. எல்லோரும் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை, மண்டோர் படுபாவி அப்படி இறுக்கியிருந்தான். குனிந்து பல்லால் கடித்தேன்.

"அடியே, என்னடி பண்றே! சாமி குத்தம்டி!"

"வரட்டும். குத்தம் எனக்கு வரட்டும். நீங்க போங்க!"

கயிறு அறுந்தது. மஞ்சள் வாயெல்லாம் கசந்தது. முதுகில் கைவைத்து ஒரே தள்ளு. பலகையில் விழுந்து எழுந்து, என் ஒரே சேலையோடு அந்தக் கரைக்குப் போய்க் காட்டுக்குள் மறைந்தார்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை ஆட்டினார். "வேணாம் புள்ள. நான் காமன். நான் தாண்டுனா ஊருக்கே ஆகாது." அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான், "கடிடி!" என்று கத்தினேன். அதற்குள் ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். மண்டோர் முன்னால் நின்று ஆளாளாய்க் காட்டிக் கொடுத்தார்.

கம்பத்தை எரிக்கவும் ஆள் இல்லை, எழுப்பவும் ஆள் இல்லை. அது களத்திலேயே நின்று கரையான் பிடித்துச் சாய்ந்தது. காப்பை அறுத்தவளால்தான் இந்தச் சாபம் என்று லயம் முழுக்கப் பேசினார்கள். கிணற்றடிக்கு நான் போனால் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். லாரியைக் கூட்டி வந்தவன் தினமும் பெரட்டில் பேர் கூப்பிடுகிறான், அவனுக்குக் கும்பிடு. எனக்குச் சாபமா? நல்லா இருக்குடி உங்க நியாயம் என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. நான் தும்மினால் அங்கே மௌனம். போக வேறு இடமும் இல்லை. அந்த மௌனத்துக்குப் பக்கத்திலேயே சமைத்தேன், படுத்தேன், அழுதேன்.

ஜப்பான்காரன் போன பிறகு வீட்டுக்காரர் காட்டிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். சயாமுக்குப் போனவர்களில் தப்பி வந்த ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் அங்கே காலராவில் போய்விட்டதைச் சொன்னார். கடைசிவரை காப்பை அவிழ்க்கவில்லையாம். அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் பலகை வழியாக என் வீட்டுக்குள் வந்தது. நான் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

தெமியாங்கில் மறுபடி கூத்து போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "போய்ட்டு வா புள்ள, அடைஞ்சே கெடக்கிற" என்று வீட்டுக்காரர் அனுப்பிவைத்தார். ரயிலடியில் அவளும் நின்றாள். வேறு வேறு பெட்டியில் ஏறி ஒரே இடத்துக்குப் போனோம். கூட்டம் நெருக்கித் தள்ள, முன்வரிசைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டோம். பெஞ்சு காலியாக இருந்தது. மேடையில் நீளக் கை வைத்த சட்டைக்காரி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவளைப் பார்க்கவில்லை, அந்தப் பெஞ்சையே பார்த்தாள். அதில் யாருக்கோ இடம் தேடுகிற மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே, அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"எனக்கும் பல்லு இருந்துச்சேடி."