அளவுக்கு வெட்டிய விரிப்பு

விரல் நுனிகளைச் சேலையில் துடைத்தாள். எரிச்சல் போகவில்லை. கழுவிக்கொண்டிருந்த, பிஸ்கட் சுடும் தட்டில் விரிக்கும் சிலிகான் விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு ஓரங்களிலும் கோடு இழுத்ததுபோல் வெட்டு. வெட்டிய இடத்தில் மயிரைவிட மெல்லிய இழைகள் மின்னின.

மேசையில் அறுபது பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தன, இந்த விரிப்பில் சுட்டவை.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான்," என்றான் கணவன். "தட்டுல ஓரம் மடங்கி நின்னுச்சு. காலையில நீ வெண்ணெய் வாங்கப் போனப்ப சரி பண்ணிட்டேன். எப்படி உக்காந்திருக்கு பாரு."

அவன் கட்டடங்களுக்குத் தரைவிரிப்பு ஒட்டுபவன். மடங்கி நிற்கும் ஓரத்தைக் கண்டால் கை கத்தியைத் தேடும்.

"வீட்டுல இருக்கிறது எல்லாமே தரைன்னு நெனப்பா உங்களுக்கு?"

"போன வருஷம் அந்தச் செவப்பு விரிப்பையும் நான்தானே வெட்டினேன். அப்ப வாயத் தொறக்கல."

"அது வெறும் ரப்பர். இதுக்குள்ள கண்ணாடி நூல் பின்னியிருக்கு, வெட்டினா உதிர்ந்து தின்றதுல கலந்துடும். வெட்டக்கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கான்."

"அட்டைய யாரு படிச்சா?"

"நான் படிச்சேன்."

செருப்புக் கடையில் பதினோரு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள். முதலாளி கடையை இழுத்து மூடியபின் பிஸ்கட் சுடத் தொடங்கினாள். காகிதம் போல மெலிதானவை. வெண்ணெய்த்தாள் போட்டால் சுருக்கம் அப்படியே பிஸ்கட்டில் விழும். மலிவான சிவப்பு விரிப்பு சூட்டில் நெளியும், கழுவிய சோப்பு வாசனையைப் பிடித்துவைத்து அடுத்த சூட்டில் திருப்பித் தரும். அப்படி மூன்றைப் பார்த்தபிறகே இதை வாங்கினாள். ஆறு வாரமாக ஒரு பிஸ்கட்கூட ஒட்டவில்லை, நெளியவில்லை. போன வாரம் காப்பிக்கடைக்காரி ஒன்றைத் தின்றுவிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வாங்க, எங்க கூட்டாளியும் ருசி பாக்கட்டும். அவருக்குப் புடிச்சா தினமும் எடுத்துக்கறோம்," என்று சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்.

"ஓரத்துல இருக்கிறத எடுத்துட்டு நடுவுல உள்ளதக் குடு," என்றான். "யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஒண்ணும் ஆகாது. இந்தா, நானே திங்கறேன் பாரு."

ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். அவள் கையைத் தட்டிவிட்டாள். பிஸ்கட் சுவரில் பட்டு உடைந்தது.

"பெரிய தியாகி. வயித்தக் கிழிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில படுத்தா அங்கயும் நான்தான் கஞ்சி தூக்கிக்கிட்டு அலையணும்."

மீதி எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். மேலே விரிப்பைச் சுருட்டிச் செருகினாள். அவன், "அது எவ்வளவு வெல," என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

"உதவிதானே பண்ணேன்."

"யாரு கேட்டா?"

மறுநாள் காலை சிவப்பு விரிப்பில் பன்னிரண்டு சுட்டாள். ஐந்து நெளிந்தன. மற்ற ஏழையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனாள். கூட்டாளி ஒன்றைக் கடித்து, முகர்ந்து பார்த்து, தட்டில் வைத்தார். போன வாரம் தந்தது இதுதானா என்று கடைக்காரி கேட்டாள். இல்லை என்றாள் இவள். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தட்டுகளைக் கழுவினாள். அவன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் தரை ஒட்டப் போயிருந்தான். ஆறு மணிக்கு வந்தான். சாப்பிட்டார்கள்.