இரவல் கட்டில்

நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதுகிற நான், போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் படிப்பு மேசையை அரை நாளைக்கு இரவல் வாங்கினேன். காரணம் உண்டு. ஆதரவில்லாத ஒரு பிள்ளையை எங்கள் வீட்டில் வைத்து வளர்க்க நானும் மனைவியும் மனு போட்டிருந்தோம். வீட்டைப் பார்வையிட அதிகாரி வருகிற நாள் அது. மேசையின் மேல் ஓர் உலக உருண்டையையும் வைத்து, எப்போதோ வாங்கிப் போட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதிகாரி காபி குடித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் வாசலில் வந்து நின்று, "அங்கிள், ஹோம்வொர்க் எழுதணும், டேபிள் வேணும்" என்றாள்.

இது எங்கள் குடும்ப வழக்கம் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாரண்டஹள்ளியில் இருந்தோம். அப்பாவுக்குக் காய்கறி மண்டியில் எடை போடுகிற வேலை. குடல்வால் ஆபரேஷன் ஆகி தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தியைப் பார்க்கப் போன அம்மா, பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் சேர்த்து இட்லி ஊட்டியிருக்கிறாள். தொப்பூர் கணவாயில் வேன் கவிழ்ந்ததில் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். தெரிந்த பாஷை கன்னடம், அதையும் பேசுவதில்லை. சித்தி வீடு திரும்பிய பிறகும் அம்மா தினமும் பஸ் ஏறினாள். ஒருநாள் அந்தக் குழந்தையோடு வந்து இறங்கினாள். எங்களுக்கு அவள் பாப்பா. தானே வளர்ப்பதாகக் குழந்தைகள் நல ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டை வந்து பார்ப்பார்கள். திருப்தி என்றால் பாப்பா எங்களோடு இருக்கலாம். இல்லையென்றால் வெளியூரில் ஏதோ ஒரு விடுதி.

வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பது என்றால் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது பெண் பார்ப்பது ஒன்றுதான். ஆகவே, ஊரில் பாதிக் கல்யாணத்தை முடித்துவைத்த அத்தை, அப்பாவின் அக்கா, பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். "வர்றவங்க மொதல்ல வூட்டத்தான் பாப்பாங்க, அப்பறந்தான் பொண்ணு" என்றாள். எதிர் வீட்டு வாத்தியாரின் கட்டில் வந்தது. மண்டி முதலாளியின் மடக்கு நாற்காலிகள் வந்தன. எங்கிருந்தோ ஒரு சுவர்க்கடிகாரம் வந்து தவறான மணி காட்டியது. கேசரியும் பஜ்ஜியும் தயாராயின. பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, பஜ்ஜித் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து விழுந்து கும்பிடப் பழக்கினாள் அத்தை. அம்மா மட்டும் எதிலும் சேராமல், பாப்பாவின் பாவாடை இடுப்பை இறுக்குகிறதா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இட்ட கட்டளை, வாயைத் திறக்காதே.

அதிகாரியம்மா வந்தார். பாப்பா தட்டை நீட்டினாள். பாதி பஜ்ஜி அவர் மடியில் விழுந்தது. அவர் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்தார்.

"பாப்பா இதுலதான் படுக்குமா?"

"ஆமாங்க, மெத்தை கூட வாங்கப்போறோம்" என்றாள் அத்தை.

இதற்காகத்தான் காத்திருந்தேன். பாப்பா வந்ததிலிருந்து என் நெஞ்சில் ஒரு பட்டியல் இருந்தது. அதைச் சொன்னால் அந்த அம்மா அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்பது என் கணக்கு.

"கட்டில் வாத்தியார் வூட்டுதுங்க. சாயங்காலம் எடுத்துக்குவாங்க" என்றேன்.

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அதிகாரியம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப பாப்பா எங்க படுக்கும்?"

"அம்மா பக்கத்துல, பாயில. அது என் எடமுங்க. அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டாத்தான் தூங்கும். உருவுனா முழிச்சிக்கும்னு அம்மா விடிஞ்சாலும் அசையாது. எங்களுக்கெல்லாம் காப்பியே லேட்டுங்க."

"அப்புறம்?"

"கோழி ஒரு முட்டைதான் போடும். அது பாப்பாவுக்குத்தான். அப்பறம் அம்மா பின்னால வூட்டு அக்காகிட்ட கன்னடம் கத்துக்கிட்டு, எங்களயும் அதுலயே 'பா, பா'ன்னு சாப்பிடக் கூப்புடுதுங்க. பாப்பா பேசவே பேசாது. நேத்துதான் மொதல்ல அம்மாவ 'அவ்வா'ன்னு கூப்புட்டுச்சு, அவங்க பாஷையில அம்மான்னு. அதுக்குப் போய் அம்மா அழுவுது."

அப்பா கூரையைப் பார்த்தார். அத்தை என்னை விற்றுவிடலாமா என்பது போலப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முந்தானை அப்போதும் பாப்பாவின் கையில் இருந்தது. அதிகாரியம்மா எதையோ எழுதி ஃபைலை மூடினார். வாசலில் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். காரியம் முடிந்தது, பாப்பா போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பாயில் என் பழைய இடத்தில் போய்ப் படுத்தும் பார்த்தேன். அம்மா என்னைத் தூக்கி ஓரத்தில் போட்டாள்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. பாப்பா இருக்கலாம். என் குற்றச்சாட்டுகள் போதவில்லை போலிருக்கிறது என்று வெகுநாள் வருந்தினேன். அம்மாவைப் பற்றி அதைவிட நல்ல சாட்சி யாரும் சொல்லியிருக்க முடியாது என்பது புரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. புரிந்த நாளிலிருந்து, பாப்பா எங்கள் வீட்டுப் பெண் ஆனதே என் வாயால்தான் என்று அவளிடமும், பிறகு அவள் கணவரிடமும், அவள் பிள்ளைகளிடமும் சொல்லிவருகிறேன்.

மேசைக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அன்று வாசலில் அந்த அம்மா என்னதான் சொன்னார்? என்னைப் பாராட்டினாரா?

"பாப்பா இங்கயே இருக்கட்டும்னாங்க" என்றாள் அம்மா. "அப்பறம், இந்தப் பையன எங்கிருந்து எடுத்தீங்கன்னு கேட்டாங்க. நாங்க பெத்ததுதாங்கன்னு சொன்னேன். அவங்க நம்பல."